நடைவழியில் இரண்டு வரிசை

“டீச்சர், சரியா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. மூணு நாளா எனக்குத் தூக்கமே வரமாட்டேங்கு.”

இப்படிக் கேட்ட தெய்வநாயகத்துக்கு வயது அறுபத்துமூன்று. டீச்சர் ஜெயசீலிக்கு முப்பத்திரண்டு. பாளையங்கோட்டையில் ஞாயிற்றுக்கிழமைதோறும் மரவேலை சொல்லிக்கொடுப்பவள். அவள் வகுப்பில் மூத்த மாணவர் இவர்தான். அதிகம் பயப்படுகிறவரும் இவர்தான்.

இந்தத் தடவை பயத்துக்குக் காரணம் இருந்தது. இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆன அவர் மனைவி செண்பகம் மறுநாள் வீட்டுக்கு வருகிறாள். இன்னொரு தரம் விழுந்தால் எழுந்திருப்பது கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதைக் கேட்டதிலிருந்து தெய்வநாயகம் அளவுநாடாவும் கையுமாகத்தான் திரிகிறார்.

அவள் படுக்கப்போகும் அறையைக் காலிசெய்ய வேண்டியிருந்தது. அங்கே இருந்தவை, கோயில் கொடைத் திருவிழாக்களில் அவரே பதிவுசெய்த வில்லுப்பாட்டு கேசட்டுகள், ஆயிரத்து நானூறு. தூக்கிப் போட மனசு வருமா? ஆசை யாரை விட்டது!

அறைக்குப் போகும் நடைவழியில் சுவரோடு ஒட்டி அலமாரி அடித்துவிட்டார். ஒரு வரிசைக்கு முன்னால் இன்னொரு வரிசை. முன்வரிசை சக்கரத்தில் நகரும். வேலை சுத்தம். அதில் குறை சொன்னால் நாக்கு அழுகிப் போகும்.

அதைப் பார்த்துச் சொல்ல அவர் வீட்டுக்கு வந்திருந்த ஜெயசீலி முன்வரிசையை ஒரு விரலால் தள்ளிப் பார்த்தாள். சத்தமில்லாமல் நகர்ந்தது.

“நல்லா பண்ணியிருக்கீங்க அண்ணாச்சி. நடக்க எவ்வளவு மிச்சம்?”

“இருபத்தெட்டு அங்குலம்.”

“வாக்கர்?”

“இருபத்திரண்டு. கடையிலேயே அளந்தேன். வீட்டுக்கு வந்து அளந்தேன். காலையில எந்திரிச்சும் அளந்தேன்.”

“பின்னே என்ன பயம்?”

“தெரியலையே. எதையோ விட்டுட்ட மாதிரியே இருக்கு.”

அவள் மூலையில் கிடந்த வாக்கரை எடுத்து விரித்தாள்.

“மதினி எப்படி நடப்பாங்க?”

“மெதுவா. தூக்கி வெச்சு, ஒரு எட்டு. இடது கால்ல பலமே இல்ல.”

ஜெயசீலி அப்படியே நடந்தாள். தூக்கி வைத்தாள், ஒரு எட்டு. தூக்கி வைத்தாள், இன்னொரு எட்டு. வாக்கர் எங்கும் இடிக்கவில்லை.

“அப்பாடா,” என்றார் தெய்வநாயகம். மூன்று நாளில் முதல்முறையாக அவர் முகத்தில் ரத்தம் ஓடியது.

அவள் நடுவழியில் நின்றுவிட்டாள்.

“கூட யாரு வருவா?”

“நான்தான். வேற யாரு இருக்கா? இடது பக்கமாப் பிடிச்சுக்கிட்டே வரணும், கையை விடவே கூடாதுன்னு டாக்டர் கண்டிஷனாச் சொல்லிட்டாரு.”

“அப்போ வந்து பிடிங்க.”

தெய்வநாயகம் போனார். தோள் அலமாரியில் முட்டியது. பக்கவாட்டில் திரும்பினார். வயிற்றை எக்கிக்கொண்டு நுழையப் பார்த்தார். மேல்தட்டிலிருந்து இரண்டு கேசட் சரிந்து விழுந்தன. அவர் குனியவில்லை. கையை நீட்டினார், எட்டவில்லை.

“ஒரு நிமிஷம் டீச்சர்… இந்தா வந்துட்டேன்…”

செண்பகத்தின் கால் போலவே ஜெயசீலியின் இடது கால் மடங்கத் தொடங்கியது.

“சீக்கிரம் வாங்க அண்ணாச்சி,” என்றாள். “விழப்போறேன்.”