பின்காற்றில் மெதுவாகப் போனவர்

எனக்கு அநியாயம் செய்தவர் கேப்டன் எழிலரசு.

நான் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்தேன். ஊர், கொள்ளிடக் கரை. ஓர் ஆடி மாதம் அப்பா இறந்துவிட்டார். மூத்த மகன் நான்தான் கொள்ளி வைக்க வேண்டும். திருச்சிக்குக் கிடைத்த விமானத்தில் ஏறினேன்.

பாதி வழியில் கேப்டன் ஒலிபெருக்கியில் பேசினார்.

"நல்ல பின்காற்று இருக்கிறது. அதனால் வேகத்தைக் குறைத்து எரிபொருளை மிச்சம் பிடிக்கிறோம். குறித்த நேரத்துக்கே இறங்குவோம்."

பணிப்பெண்ணிடம் அப்பா விஷயத்தைச் சொன்னேன். உள்ளே போய்விட்டு வந்தாள்.

"கேப்டன் ரொம்ப வருத்தப்பட்டார் சார்."

"வேகம்?"

ஆரஞ்சு ஜூஸ் கொடுத்தாள்.

நான் ஊர் போய்ச் சேர்வதற்குள் தம்பி அம்பலவாணன் கொள்ளி வைத்துவிட்டான்.

வருடங்கள் போயின. எழிலரசுக்கு விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் சலோமி என்ற அம்மா, சென்னையில் விமானிகளுக்குப் பயிற்சி கொடுக்கிறார் என்று கேள்விப்பட்டேன். சிஷ்யன் செய்ததைக் குருவிடம்தானே கேட்க வேண்டும். போனேன்.

என்னைவிட வயதில் சின்னவர். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"இப்ப நான் என்ன செய்யணும்ங்கய்யா?"

"உங்க ஆளு செஞ்சது தப்புன்னு உங்க வாயால சொல்லுங்க. அது போதும்."

அவர் யோசித்தார்.

"எதிர்க்காத்து அடிச்சா விமானம் எப்படிப் போகணும்?"

"மெதுவா."

"வேகமா. அதுக்குள்ள நிக்க நிக்க எண்ணெயைத் தின்னுடும். சீக்கிரம் தாண்டணும்."

"பின்காத்துன்னா?"

"அது சும்மாவே தூக்கிட்டுப் போகுது. அவசரப்படக் கூடாது."

"தள்ளி விடுறவன் இருக்கும்போது மெதுவா, தடுக்கிறவன் இருக்கும்போது வேகமா?"

"ஆமா."

"அப்ப ஒரேயடியா மெதுவாப் போனா இன்னும் மிச்சமா?"

"இல்லை. ரொம்ப மெதுவாப் போனா மூக்கைத் தூக்கிக்கிட்டுத் தொங்கணும். அதுக்கும் கூடத்தான் எரியும்."

எனக்குத் தலை சுற்றியது.

"குழப்புறீங்களேம்மா."

"எனக்கும் முதல்ல அப்படித்தான் இருந்தது."

தண்ணீர் கொடுத்தார். குடித்தேன்.

"சரி, எவ்வளவு வேகம்னு யாரு முடிவு பண்றது?"

"கம்பெனி ஒரு எண் கொடுக்கும். ஒரு நிமிஷம் மிச்சமானா அதுக்கு எத்தனை கிலோ எண்ணெய் எரிக்கலாம்னு அந்த எண் சொல்லும்."

"அந்த எண்ணுல யாரு நிமிஷமெல்லாம் இருக்கு?"

"விமானிங்க சம்பள நேரம். இன்ஜின் தேயுற நேரம்."

"எங்கப்பா?"

"இல்லைங்க."

ஒளிக்காமல் சொன்னார். அதற்காக அவரைக் கொஞ்சம் பிடித்தது.

எழுந்து வரச் சொன்னார். ஓர் அறைக்குள் விமானத்தின் முன்பகுதி மட்டும் இருந்தது. பயிற்சிக்கானது, தரையை விட்டுப் போகாது. மாணவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். கேப்டன் இருக்கையில் என்னை உட்கார வைத்தார். ஏதேதோ தட்டினார். கண்ணாடிக்கு வெளியே மேகம் வந்தது.

"சிங்கப்பூர்ல இருந்து திருச்சி. அன்னைக்கு மாதிரியே பின்காத்து. கீழே இருக்கிற எண்தான் இறங்குற நேரம். இதைத் தள்ளுங்க. அப்பாவைப் பார்க்கணும்ல?"

அவர் காட்டிய வேகப் பிடியைத் தள்ளினேன். வேகம் ஏறியது. இறங்கும் நேரம் குறைந்தது. இன்னும் தள்ளினேன். கடகடவென்று ஓர் எச்சரிக்கைச் சத்தம் கேட்டது.

"அதுக்கு மேல தாங்காது. கொஞ்சம் விடுங்க."

விட்டேன். சத்தம் நின்றது. நேரத்தைப் பார்த்தார்.

"ஏழு நிமிஷம் மிச்சம்."

"பாருங்க! கொடுத்திருக்கலாம்ல?"

"கொடுத்திருக்கலாம்." என் பக்கம் திரும்பினார். "நீங்க ஆத்தங்கரைக்குப் போனப்ப எல்லாரும் என்ன பண்ணிட்டிருந்தாங்க?"

"குளிச்சு முடிச்சுத் துணி பிழிஞ்சுக்கிட்டிருந்தாங்க."

"தம்பி?"

"அவன் அப்பவே வீட்டுக்குப் போயிட்டான்."

"ஏழு நிமிஷம் முன்னாடி போயிருந்தா?"

"அப்பவும் போயிருப்பான்."

"ஏன் காத்திருக்கலைன்னு தம்பியைக் கேட்டீங்களா?"

"பொழுது சாயுறதுக்குள்ள வைக்கணும்னு பெரியவங்க சொல்லியிருப்பாங்க. அவன் சின்னவன். அவனை என்ன கேக்குறது?"

அவர் சிரிக்கவில்லை. பிடியை மெல்லப் பின்னால் இழுத்தார். கீழே இருந்த நேரம் பழையபடி ஏறியது.

"அப்ப அந்த ஏழு நிமிஷம் எதுக்குங்கய்யா?"

கேப்டனைத் திட்டத்தான் வாயைத் திறந்தேன். வேறு வந்தது.

"அப்பா எரிஞ்சுக்கிட்டிருந்தாரு. பக்கத்துல போய் நின்னேன். நின்ன கொஞ்ச நேரத்துல, இருட்டிப்போச்சு, இனி யாரும் நிக்கக் கூடாதுன்னு எல்லாரையும் கிளப்பிட்டாங்க. இன்னும் ஏழு நிமிஷம் நின்னிருப்பேன்."

சலோமி அம்மா பிடியிலிருந்து கையை எடுத்துவிட்டார். கண்ணாடிக்கு வெளியே மேகம் போய்க்கொண்டே இருந்தது.

கேப்டன் எழிலரசு எனக்கு ஏழு நிமிடம் தர வேண்டும்.