பனங்கிழங்கைத் தின்ற பல் வைத்தியர்

ஒரு காட்டில் யாருக்குப் பல் வலித்தாலும் ஓடிப்போவது ஆற்றங்கரை அத்தி மரத்தடிக்குத்தான். கடுவன் என்ற குரங்கு அங்கே வைத்தியம் பார்த்தது. சொத்தையைச் சுரண்டும். ஓட்டையைப் பிசின் வைத்து அடைக்கும். ஆடுகிற பல்லை வலிக்காமல் பிடுங்கும். கெட்டிக்கார வைத்தியர், அதில் சந்தேகமே இல்லை. பொறுமை மட்டும் ஒரு சொட்டுக்கூடக் கிடையாது.

குரங்குக்கு அது எங்கிருந்து வரும் என்கிறீர்களா? அதுவும் சரிதான்.

ஒரு நாள் குமிழி என்ற நீர்நாய்க் குட்டி வந்து வாயைத் திறந்து காட்டியது. மேல்வரிசையில் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே பெரிய இடைவெளி.

"மாமா, இந்த இடுக்கை மூடிவிடுங்க. மீனைக் கவ்வினா இதுவழியா நழுவிடுது."

"நழுவினா இன்னொன்னைப் பிடி. ஆத்துல மீனுக்கா பஞ்சம்?"

"ஒண்ணுகூட நிக்க மாட்டேங்குது மாமா. ஆறு வத்திட்டிருக்கு. எங்க கூட்டம் சீக்கிரமே மேல் மடுவுக்குக் கிளம்பிடும். தன் மீனைத் தானே பிடிக்காத குட்டியைக் கூட்டிட்டுப் போக மாட்டாங்க."

"அதுக்காக விட்டுட்டா போவாங்க?"

"போன கோடையில ஒருத்தனை விட்டுட்டுத்தான் போனாங்க. திரும்பி வந்து பார்த்தப்ப அவன் இல்ல."

கடுவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனாலும் உண்மையைச் சொன்னது.

"பிடுங்கச் சொல்லு, பிடுங்குறேன். பல்லை நகர்த்துறது என் வேலை இல்ல. அக்கரைச் சிலந்தியம்மாதான் நூல் கட்டி நகர்த்துவாங்க. அங்கே போ."

"போனேனே! அடுத்த கோடை வரைக்கும் ஆகுமாம். அதுவரைக்கும் தலையைச் சாய்ச்சுக் கடைவாயால மீனைக் கவ்விப் பழகுன்னாங்க. அப்படிக் கவ்வினா என் அண்ணன்களெல்லாம் சிரிப்பாங்க."

"அடுத்த கோடையா! ரெண்டு பல்லுக்கா!" என்று கடுவன் மரத்திலிருந்தே குதித்துவிட்டது. "நாலு நாள் பொறு. நானே கத்துட்டு வரேன்."

சொன்னபடியே அக்கரைக்குப் போனது. அங்கே சிலந்தி, காட்டில் பல் பார்க்கிற எல்லாருக்கும் இரண்டு நாள் பயிற்சி நடத்திக்கொண்டிருந்தது. பக்கத்துக் காட்டில் பல் பார்க்கும் அணிலும் வந்திருந்தது.

முதல் நாள் சிலந்தி ஆளுக்கொரு பொம்மைத் தாடை கொடுத்தது. தாடை தேன்மெழுகு. பற்கள் புளியங்கொட்டை. அதன் நூலும் சாதாரண நூல் இல்லை. இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும்.

"நடுவுல இருக்கிற ரெண்டு கொட்டையையும் சேர்த்து வளையமாக் கட்டி வெயில்ல வையுங்க" என்றது சிலந்தி.

வெயில் ஏறியது. மெழுகு இளகியது. நூல் சுருங்கச் சுருங்க, புளியங்கொட்டைகள் ஒன்றை நோக்கி ஒன்று நகர்ந்தன. உச்சி வேளைக்குள் இடைவெளி இருந்த இடமே தெரியவில்லை!

"ஆகா! மூடிடுச்சு! இதுக்கா அடுத்த கோடை?" என்று கடுவன் கத்தியது.

"இது மெழுகுப்பா. கை பழகத்தான் இது. உயிருள்ள வாய்க்கான பாடம் நாளைக்கு" என்ற சிலந்தி, ஓர் இலையின்மேல் பனங்கிழங்கு ஒன்றைக் கொண்டுவந்து வைத்தது. "இதை யாரும் தொடாதீங்க. நாளைக்கு வேணும்."

சிலந்தி வலைக்குள் போனதும் கடுவன் எழுந்து முதுகைச் சொறிந்தது.

"அணிலே, நான் கிளம்புறேன்."

"அண்ணே, இன்னும் ஒரு நாள் பாடம் இருக்கே!"

"உனக்கு வேணும்னா இருந்து கேளு. என்னைக்காவது சிங்கத்தோட வாய்க்குள்ள கையை விட்டிருக்கியா நீ? நான் விட்டிருக்கேன். எனக்கு நாளைக்கு என்ன புதுசா சொல்லித் தரப்போறாங்க?"

சொல்லிக்கொண்டே நூல் உருண்டையை இடுப்பில் செருகியது. போகிற வழியில் இலைமேல் இருந்த பனங்கிழங்கையும் எடுத்து, தோலை உரித்து, நாரை இழுத்துத் துப்பிவிட்டு, தின்றுகொண்டே ஆற்றைக் கடந்தது.

"அண்ணே! அது நாளைக்கு வேணுமாம்!" என்று அணில் கரையிலிருந்து கூவியது.

"வேற வாங்கி வைக்கச் சொல்லு!"

மறுநாள் காலையிலேயே குமிழியின் முன்பற்களைச் சுற்றி நூல் வளையம் ஏறிவிட்டது. அடுத்து கடுவன் செய்ததை நான் இட்டுக்கட்டிச் சொல்லவில்லை. அந்தக் குட்டியைக் கொதிக்கிற பாறைமேல் மல்லாக்கப் படுக்கவைத்து, வாயைத் திறந்து வெயிலில் காட்டச் சொன்னது!

"எதுக்கு மாமா?"

"தாடை இளகணும். பேசாதே, வாயைத் திற."

நாக்கு வறண்டதுதான் மிச்சம். தாடை இளகவில்லை. பல்லும் நகரவில்லை. ஆனால் அடுத்தடுத்த நாட்களில் ஓர் அதிசயம் நடந்தது. இடைவெளி மெல்லக் குறைந்தது. நூலையும் காணோம்.

"மாமா, நூல் எங்கே போச்சு?"

கடுவன் எட்டிப் பார்த்தது. பல்லில் நூல் இல்லை. "அறுந்து விழுந்திருக்கும். இரு, இன்னொன்னு கட்டுறேன்."

கட்டியது. அதுவும் காணாமல் போனது. போனால் என்ன, இடைவெளி மூடிவிட்டதே! குமிழி தண்ணீரில் முகம் பார்த்துப் பார்த்துச் சிரித்தது. சேதி காடெங்கும் பரவியது. கோணல் பல் காட்டுப்பன்றி முதல் துருத்தின பல் முயல் வரை அத்தி மரத்தடியில் வரிசை கட்டிவிட்டன.

பயிற்சி முடிந்து சில நாள் கழித்து அந்த வழியாக வந்த அணில், குமிழியின் வாயைப் பார்த்ததும் திடுக்கிட்டு நின்றது.

"அண்ணே, அந்த ரெண்டு பல்லும் நீளமாயிட்ட மாதிரி இருக்கே!"

"உன் கண்ணுதான் நீளமாயிடுச்சு. பொறாமை!"

"பல்லு லேசா ஆடுது மாமா" என்றது குமிழி.

"புது இடம்ல? பழகட்டும்."

அணில் அதற்குமேல் அங்கே நிற்கவில்லை. சிலந்தியை அழைத்துவர அக்கரைக்குப் பறந்தது.

அன்று சாயங்காலம் நீர்நாய்க் கூட்டம் குட்டிகளைச் சோதிக்க ஆற்றில் இறங்கியது. வரிசையில் நின்ற மிருகங்களும் வேடிக்கை பார்க்க வந்துவிட்டன. கடுவன் முன்னால் போய் ஒரு பாறையில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்தது.

"பாருங்க, என் வேலையைப் பாருங்க!"

குமிழி முங்கியது. கொழுத்த கெண்டை ஒன்றோடு மேலே வந்தது. முன்பற்கள் கெண்டையின் முதுகில் ஆழப் பதிந்திருந்தன. நழுவவில்லை!

"பிடிச்சுட்டா! பிடிச்சுட்டா!" என்று அண்ணன்கள் கத்தினார்கள்.

கெண்டை வாலை ஓங்கி ஒரு அடி அடித்தது. குமிழியின் வாயிலிருந்து விடுபட்டுத் தண்ணீரில் விழுந்தது.

அது நீந்திப் போவதை எல்லாரும் பார்த்தார்கள். அதன் முதுகில் இரண்டு வெள்ளைப் பற்கள் குத்திக்கொண்டு நின்றன.

முயல் இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டது. குமிழி மட்டும் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தது. அதற்கு விஷயம் புரியவில்லை. நாக்கால் தடவிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. அப்புறம் அது போட்ட கூச்சலை நான் சொல்ல மாட்டேன்.

"அது பால் பல்லா இருக்கும்! மறுபடி முளைக்கும்!" என்று கடுவன் உளறியது. பால் பல் எது, மற்றது எது என்று அதற்குத் தெரியாதா என்ன? தெரியும். அதனால்தான் குமிழியின் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்குள் அணிலோடு சிலந்தி வந்து சேர்ந்தது. குமிழியின் வாயைத் திறக்கச் சொல்லி, இரத்தம் வழிகிற குழிக்குள் காலை விட்டு, மெல்ல எதையோ வெளியே இழுத்தது. நூல் வளையம். மறுபடி காலை விட்டது. இன்னொரு வளையம்.

"அறுந்து விழலையா?" என்று கேட்டது கடுவன்.

"எங்கே விழும்? ஈறுக்குள்ள ஏறிப்போயிருக்கு."

"மெழுகுல ஏறலையே!"

"மெழுகுல ஏது வேரு? புளியங்கொட்டைக்கு ஏது வேரு? நிஜப் பல்லோட வேரு போகப் போக ஒல்லி. வெறும் வளையமாக் கட்டினா நூல் வழுக்கி வழுக்கி நுனிக்கே போயிடும். பல்லை வெளியே தள்ளிடும். அதுக்குத்தான் பல்லுல நூல் வழுக்காம ஒரு கொக்கி ஒட்டுவேன். மெதுவா, எலும்பு வலிக்காம நகர்த்துவேன். ரெண்டாம் நாள் முதல் பாடமே அதுதான்."

"ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கலாமே!"

"வார்த்தையாச் சொன்னா யாரு கேட்கிறீங்க? கண்ணால பார்க்கட்டும்னுதான் வேர் மாதிரியே ஒண்ணு கொண்டுவந்து வெச்சேன். அதுல நூலைக் கட்டிக் காட்டினா ஒரு நொடியில புரிஞ்சிருக்கும். காலையில பார்த்தா வெறும் இலைதான் இருந்துச்சு."

அணில் தலையைக் குனிந்துகொண்டது.

"அது... நான்தான் தின்னேன்" என்றது கடுவன்.

இந்தப் பக்கம் காட்டுப்பன்றி எழுந்து நடந்தது. முயல் எப்போதோ ஓடிவிட்டிருந்தது.

சிலந்தி குமிழியிடம் திரும்பியது. "போன பல் போச்சும்மா. அழுது முடிச்சதும் தண்ணியில இறங்கு. தலையைச் சாய்ச்சுக் கடைவாயால கவ்வு. நான் அன்னைக்கே சொன்னேனே, அதே மாதிரி."

அந்தப் பக்கம் கவ்வி, இந்தப் பக்கம் கவ்வி, தண்ணீர் குடித்து, புண்ணில் மீன்முள் குத்தி, குமிழி எப்படியோ கற்றுக்கொண்டது. கூட்டம் கிளம்பிய காலையில் எல்லாருக்கும் கடைசியாகக் குமிழியும் நடந்து போனது. கடைவாயில் ஒரு குட்டிக் கெண்டை. அண்ணன்கள் யாரும் சிரிக்கவில்லை.

அத்தி மரத்தடியில் கடுவன் தனியாக உட்கார்ந்திருந்தது. குமிழி அங்கே நின்று, மீனைக் கீழே வைத்தது. வெறும் ஈறு தெரிய அண்ணாந்து பார்த்துக் கேட்டது:

"மாமா, அந்தக் கிழங்கு நல்லா இருந்துச்சா?"

பதிலுக்குக் காத்திருக்காமல் மீனைக் கவ்விக்கொண்டு போய்விட்டது.

நீதி: பொம்மைக்கு வலிக்காது. அதில் கற்றது பாதிப் பாடம். மீதியைக் கற்காமல் உயிரின்மேல் கை வைக்காதே.