மனிதனுக்கு வைத்த புள்ளி

கிர்ர்ர்... டக். கிர்ர்ர்... டக்.

சாவி கொடுத்த தகர பொம்மை சிமெண்டுத் தரையில் நடக்கும் சத்தம். ஐம்பத்து நான்கு வருடங்களுக்கு முன் கேட்டது. சோலையப்பனின் காதை விட்டு அது இன்னும் போகவில்லை.

அந்தச் சத்தத்தோடு ஒரு சிரிப்பும் சேர்ந்து கேட்கும். அதைப் பற்றி அவர் யாரிடமும் சொன்னதில்லை.

"வாத்தியாரம்மா, ஒரு பழைய பொம்மைய மறுபடி செஞ்சா, அது எவ்வளவு தூரம் அசல் மாதிரி இருக்கணும்?" என்று கேட்டார்.

மெஹருன்னிசா தலை நிமிரவில்லை. கையில் ஒரு தகரக் குரங்கு இருந்தது. அதன் முதுகை மூடிக்கொண்டிருந்தாள்.

"எந்த நாள் அசல்?" என்றாள்.

"புரியலம்மா."

"பட்டறைய விட்டு வெளிய வந்த நாளா? உங்க வீட்டுக்கு வந்த நாளா? இன்னைக்கா?"

"எல்லாம் ஒண்ணுதானே?"

அவள் குரங்குக்குச் சாவி கொடுத்தாள். அது இரண்டு முறை தாளம் தட்டிவிட்டு நின்றுபோனது. மறுபடியும் முதுகைத் திறந்தாள்.

மெஹருன்னிசாவுக்கு நாற்பத்தொரு வயது. சோலையப்பனைவிட இருபத்திரண்டு வயது சிறியவள். புதுப்பேட்டையில், பழைய கார் சாமான் கடைகளுக்குப் பின்னால், ஒரு கட்டில் போடும் அளவு அறையில் அவள் பட்டறை. பழைய பொம்மை சேர்ப்பவர்கள் எல்லாரும் அவளை வாத்தியாரம்மா என்றே அழைத்தார்கள். கட்டைவிரலைக் கிழித்துக்கொள்ளாமல் ஸ்பிரிங்கை உட்கார வைக்க அவர்கள் ஒவ்வொருவருக்கும் கற்றுக்கொடுத்தவள் அவள்தான்.

சோலையப்பன் முதன்முதலில் வந்தபோது மூன்று மாதம் அவருக்கு ஒரே வேலைதான் கொடுத்தாள். பஞ்சைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, பொம்மைகளைத் துடைப்பது.

"சர்வே ஆபீசுல முப்பத்தாறு வருஷம் வரைபடம் போட்டவன்மா நான். கை நடுங்காது. திருப்புளியக் குடுங்க" என்றார் அவர் அப்போது.

"துடைக்கத் தெரியாதவங்க கையில திருப்புளி குடுக்க மாட்டேன், சோலை சார்."

துடைத்தார். கற்றுக்கொண்டார்.

இன்று அவர் ஓர் அட்டைப் பெட்டியோடு வந்திருந்தார்.

பெட்டிக்குள் இருந்தது ஒரு சாண் உயர ரோபோ. சதுரத் தலை, சாம்பல் உடம்பு, வயிற்றில் சிவப்புப் பொத்தான்கள். கொண்டித்தோப்பில் இருந்த ஒரு சிறு பட்டறை இரண்டே வருடம் அதைச் செய்தது. ஜப்பான் பொம்மை ஒன்றைப் பார்த்துச் செய்தார்கள். ஆனால் நெஞ்சில் தமிழில் பெயர் எழுதினார்கள். மஞ்சள் எழுத்து.

'இயந்திர மனிதன'.

அச்சுத்தகடு வெட்டியவர் கடைசிப் புள்ளியை விட்டுவிட்டார். யாரும் கவனிக்கவில்லை. அல்லது கவனித்தும் விட்டுவிட்டார்கள்.

அந்த ரோபோவில் இன்று இரண்டுதான் இருப்பதாகத் தெரியும். ஒன்று நாகர்கோவிலிலிருந்து வந்து சென்னையில் பல் மருத்துவம் பார்க்கும் ஜெபநேசனிடம். அதில் புள்ளி இல்லை. இன்னொன்று சோலையப்பனிடம்.

அதில் புள்ளி இருந்தது.

அந்தப் புள்ளிதான் இப்போது வழக்கு. ஓசூரில் ஒரு தொழிற்கூடம் அந்த ரோபோவை மறுபடியும் செய்ய ஒப்புக்கொண்டிருந்தது. முந்நூறு பொம்மைகள். எது எப்படி இருக்க வேண்டும் என்பதைச் சேர்ப்பவர்கள்தான் சொல்ல வேண்டும்.

அவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் திருவல்லிக்கேணியில் ஒரு புத்தகக் கடையின் மாடியில் கூடினார்கள். ஈயம் கலந்த பழைய சாயம் வேண்டாம் என்பதில் சண்டை இல்லை. பேட்டரியா ஸ்பிரிங்கா என்பதில் எல்லாரும் கத்தினார்கள், ஸ்பிரிங் ஜெயித்தது. தகர ஓரங்களை மடிப்பதா, அசல் போலக் கூராகவே விடுவதா என்பதில் ஒரு மாலை முழுவதும் போனது. ஜெபநேசன்தான் அதை முடித்து வைத்தார். தன் கட்டைவிரல் தழும்பைத் தூக்கிக் காட்டினார்.

"இதுவும் அசல்தான் ஐயா. முந்நூறு பேருக்கும் ஆளுக்கொண்ணு குடுத்துரலாமா?"

ஓரங்களை மடிக்க முடிவானது.

மிச்சம் இருந்தது புள்ளி.

"பிழையும் அசலோட சேர்த்திதான். புள்ளி வெச்சா அது வேற பொம்மை" என்றார் ஜெபநேசன்.

"பிழைய அவங்களே திருத்திட்டாங்க டாக்டர். என்னுடையது இரண்டாம் அச்சு. நான் கட்டுரையே எழுதியிருக்கேன்" என்றார் சோலையப்பன்.

"நீங்க எழுதினத நீங்களே சாட்சிக்குக் கூப்பிட்டா எப்படி ஐயா?"

அந்தக் கட்டுரை வந்து பதினேழு வருடம் ஆகியிருந்தது. சேர்ப்பவர்களின் சிற்றிதழில் வந்தது. அதைப் படித்துவிட்டுப் பம்பாயிலிருந்துகூட ஆட்கள் வந்து ரோபோவைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அதன் பிறகு சோலையப்பனுக்குப் 'புள்ளிக்காரர்' என்றே பெயர். அந்தப் பெயர் அவருக்குப் பிடித்திருந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் அவருக்கு இருந்த ஒரே பெயர் அது.

வரும் ஞாயிற்றுக்கிழமை வாத்தியாரம்மா வந்து சொல்லட்டும், அதுவே முடிவு என்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். புள்ளி அச்சு இல்லை என்று அவள் சொல்லிவிட்டால் பெயர் போகும். பதினேழு வருடம் பொய் சொன்னவர் என்றாகும்.

அதனால்தான் அவர் வியாழக்கிழமையே தனியாக வந்திருந்தார்.

"எனக்காக எதுவும் சொல்ல வேண்டாம்மா. பார்த்துட்டு உள்ளதச் சொன்னாப் போதும்" என்றார்.

அவள் குரங்கைக் கீழே வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு ரோபோவை எடுத்தாள். கால்களைப் பார்த்தாள். முதுகைப் பார்த்தாள். ஜன்னல் பக்கம் திருப்பிச் சாய்த்து, நெஞ்சை வெகுநேரம் பார்த்தாள்.

"நல்லா வெச்சிருக்கீங்க" என்றாள்.

"எல்லாம் நீங்க சொல்லிக் குடுத்ததுதான்."

"கால் இடுக்குலகூட அழுக்கில்ல. காதுக்குப் பின்னாடி பளபளன்னு இருக்கு."

சோலையப்பன் சிரித்தார்.

"நெஞ்ச மட்டும் ஏன் துடைக்கிறதில்ல?"

அவர் சிரிப்பு நின்றது.

உண்மைதான். மஞ்சள் எழுத்துகளின் மேல் மெல்லிய மங்கல் படிந்திருந்தது. புள்ளியைச் சுற்றி அது இன்னும் அடர்ந்து, ஒரு வளையம் போல இருந்தது.

"உலர்ந்த பிரஷ்ஷால தட்டி விடுவேன்."

"உலர்ந்த பிரஷ்ஷால."

"ஆமா."

அவள் கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு துண்டுப் பஞ்சை நனைத்தாள். பிழிந்தாள். அவரிடம் நீட்டினாள்.

"நீங்களே துடைங்க. அச்சுன்னா போகாது."

சோலையப்பன் பஞ்சை வாங்கிக்கொண்டார். இடது கையில் ரோபோவைப் பிடித்தார். வலது கையைப் புள்ளிக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

வெளியே யாரோ தகரத்தை அடித்துக்கொண்டிருந்தார்கள். அது நின்றது. மறுபடியும் தொடங்கியது.

முப்பத்தாறு வருடம் வரைபடம் போட்ட கை புள்ளியைத் தொடாமல் அங்கேயே நின்றது.

மெஹருன்னிசா காத்திருந்தாள். டீ வந்தது. அவருக்கு ஒன்றை நகர்த்தி வைத்துவிட்டுத் தன்னுடையதைக் குடித்து முடித்தாள். அவர் கையிலிருந்த பஞ்சு காய்ந்துவிட்டது.

"துடைக்கலையா?"

"போயிடும்" என்றார் அவர்.

அவள் காலி டம்ளரை ஓரமாக வைத்தாள்.

"சாந்து" என்றார். "நெத்திக்கு வைக்கிற சாந்து. குப்பியில வருமே, அது. ஈர்க்குச்சியால தொட்டு வெச்சா."

"யாரு?"

"என் தங்கச்சி. வடிவு. வடிவாம்பாள்."

அந்தப் பெயரைச் சொன்னதும் சிரிப்பு மறுபடியும் கேட்டது.

அப்போது அவருக்கு ஒன்பது வயது. அவளுக்கு ஏழு. எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்ட புதிது. சுவரொட்டி, தீப்பெட்டி, பஸ் பலகை என்று கண்ணில் பட்டதையெல்லாம் எழுதியிருப்பதுபோலவே படிப்பாள்.

ரோபோ நடந்தது. அவள் அதன் பின்னாலேயே கையை விறைப்பாக வைத்துக்கொண்டு நடந்தாள்.

கிர்ர்ர்... டக். "மனிதன!"

கிர்ர்ர்... டக். "மனிதன!"

"அது மனிதன்டீ" என்று கத்தினான் அண்ணன்.

"இல்லண்ணா. மனிதன்னா தலையில புள்ளி இருக்கணும். இது வெறும் மனிதன." விழுந்து விழுந்து சிரித்தாள்.

மறுநாள் அவன் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது புள்ளி இருந்தது. இன்னும் ஈரம் காயவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஊதிக்கொண்டிருந்தாள்.

"இப்ப மனிதன் ஆயிட்டான்" என்றாள்.

"அப்புறம்?" என்று கேட்டாள் மெஹருன்னிசா.

"முதுகுல ஓங்கி ஒண்ணு வெச்சேன். கெடுத்துட்டியே, இனிமே தொட்டா கைய ஒடைச்சிடுவேன்னேன்."

"தொட்டாங்களா?"

"தொடல. ஒரு தடவைகூடத் தொடல."

வெளியே தகரம் அடிக்கும் சத்தம் ஓய்ந்திருந்தது.

"அழிச்சிருக்கலாம். எச்சில் தொட்டுத் துடைச்சிருந்தாப் போயிருக்கும். ஏன் அழிக்கலன்னு தெரியல. அப்புறம் பெரியவனானதும்..." அவர் நிறுத்தினார். "கட்டுரை எழுதும்போது எனக்கு அது அச்சு மாதிரியே தெரிஞ்சுதும்மா. சத்தியமா."

மெஹருன்னிசா ரோபோவை அவர் கையிலிருந்து வாங்கினாள். பெட்டிக்குள் படுக்க வைத்தாள். காய்ந்த பஞ்சையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். மூடிச் சணலால் கட்டினாள்.

"ஞாயிற்றுக்கிழமை என்ன சொல்லப் போறீங்க?" என்று கேட்டார் அவர்.

"நானா? எனக்கு அன்னைக்குக் குரங்கு வேலை இருக்கு."

வீட்டுக்கு வந்ததும் சோலையப்பன் பீரோவைத் திறந்தார். கட்டுரையின் அச்சுப்படி ஒன்றை மடித்து வைத்திருந்தார். இதழ் வெளிவருமுன் அதை வடிவுக்குத்தான் மதுரைக்கு அனுப்பியிருந்தார். பிழை திருத்துவது அவள் தொழில்.

எண்ணினார். இருபத்துமூன்று திருத்தங்கள். எல்லாம் சிவப்பு மையில். ஒற்று சேர்த்திருந்தாள். ஒருமை பன்மையைச் சரிசெய்திருந்தாள். கொண்டித்தோப்புக்கு ஒரு 'த்' போட்டிருந்தாள்.

'இந்தப் பொம்மையில் புள்ளி அச்சிலேயே இடப்பட்டுள்ளது' என்ற வரிக்கு வந்தார்.

திருத்தம் இல்லை. அன்று அதைப் பார்த்து அவருக்கு நிம்மதியாக இருந்தது நினைவுக்கு வந்தது.

விளக்கடியில் பிடித்துப் பார்த்தார். அந்த வரிக்கு நேரே, ஓரத்தில், பேனாவை ஊன்றி எடுத்த அடையாளம். சிவப்பாக, கடுகளவு.

ஒரு புள்ளி.

பக்கத்தின் அடியில் வழக்கம்போல எழுதியிருந்தாள்: 'பார்த்தேன். அச்சுக்குப் போகலாம். வ.'

ஞாயிற்றுக்கிழமை மாடியில் எல்லாரும் வாத்தியாரம்மாவுக்காகக் காத்திருந்தார்கள். சோலையப்பன் எழுந்தார்.

"அவங்க வர மாட்டாங்க. நான் சொல்லிடறேன். புள்ளி அச்சு இல்ல. என் தங்கச்சி வெச்ச சாந்து. எனக்குத் தெரியும். அன்னைக்கே தெரியும்."

ஒருவர் கையிலிருந்த தாளை மடித்தார். இன்னொருவர் அவரைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார்.

ஜெபநேசன் கண்ணாடியைக் கழற்றினார்.

"பதினேழு வருஷம் ஐயா. உங்களோட சண்டை போட்டே என் தலையில ஒரு முடி மிச்சமில்ல."

"அது அதுக்கு முன்னாடியே போயிடுச்சு டாக்டர்."

யாரும் சிரிக்கவில்லை. ஜெபநேசன்தான் முதலில் சிரித்தார். பிறகு அந்தப் பெட்டியைத் தன் பக்கம் இழுத்து, ரோபோவை எடுத்து, புள்ளியைத் தொடாமல் பார்த்தார்.

"நேராத்தான் வெச்சிருக்கு பிள்ள" என்றார். "அப்போ ஓசூருக்கு என்ன எழுத? புள்ளி வேண்டாம்னா?"

"வேண்டாம். வாங்கறவங்க வீட்டுல யாராவது வைக்கட்டும்."

முந்நூறு ரோபோக்களும் புள்ளி இல்லாமலே வந்தன.

அடுத்த இதழின் கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் ஒரு திருத்தம் வெளியானது. சோலையப்பனே எழுதிக் கொடுத்தது. 'பதினேழு ஆண்டுகளுக்கு முன் நான் எழுதிய கட்டுரையில் உள்ளது பிழை. மனிதனுக்குப் புள்ளி வைத்தவர் வடிவாம்பாள், வயது ஏழு.'

இதழ் கைக்கு வந்த அன்று அவர் அதை மெஹருன்னிசாவிடம் கொண்டுபோய்க் காட்டினார்.

அவள் படித்தாள். "ஒரு பிழையும் இல்ல" என்று திருப்பிக் கொடுத்தாள்.

வடிவாம்பாள் மதுரையில் ஓர் அச்சகத்தில் முப்பத்தொரு வருடம் பிழை திருத்துபவளாக இருந்தாள். அந்தத் திருத்தம் வெளியாவதற்கு நான்கு வருடம் முன்பு, ஒரு மார்கழி மாதத்தில் இறந்துபோனாள்.