ஈர மண் பூசிய எலி

மருதன் என்ற வயல் எலி தன் மனைவி சிவந்தியைக் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவள் வளையின் சுவரில் படிந்த பூசணத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

ஐப்பசி அடைமழை. வரப்புக்குள் இருந்த வளையில் ஓதம் ஏறிச் சுவர் ஈரமாகிவிட்டது. சுவரெல்லாம் கறுப்பும் பச்சையுமாகப் பூசணம். மூன்று குஞ்சுகளும் ஓயாமல் தும்மின. சிவந்திக்கு ஒரு மாதமாக மூச்சிழுப்பு.

"ஏங்க, மறுபடியும் வந்துடுச்சு!" என்றது சிவந்தி.

"நேத்துதானே பூசினேன்!" மருதனுக்கு ஓரிடத்தில் கால் நிற்கவில்லை. வாசலுக்கும் மூலைக்குமாக ஓடியது.

"பூசிப் பூசி நீங்க இளைச்சீங்க. பூசணம் கொழுத்துடுச்சு! பின்வாசலைத் திறங்க. காத்து வந்தாத்தான் காயும்."

மழை தொடங்கிய அன்றே மருதன் பின்வாசலைக் களிமண்ணால் அடைத்துவிட்டிருந்தது.

"திறந்தா சாரல் அடிக்கும்! நாளைக்கு உங்க அண்ணன் வர்றாரு. இந்தச் சுவத்தைப் பார்த்தா என்ன நினைப்பாரு? இன்னும் ஒரு பூச்சு போதும்!"

"எங்க அண்ணன் சுவத்தைப் பார்க்கவா வர்றாரு?" சிவந்தி சிரித்தது. சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

மருதன் ஓடைக்கு ஓடி அவசர அவசரமாக மண் அள்ளியது. கரையில் இருந்த நண்டு கேலி செய்தது.

"என்ன எலியண்ணே, தினமும் மண்ணு அள்ளுறீங்க! அரண்மனை கட்டுறீங்களா?"

"சுவத்துல ஓதம். மேல பூசணும்!"

"ஈரச் சுவத்துமேல ஈர மண்ணா! பூசணத்துக்கு நீங்களே தண்ணி ஊத்துறீங்களே! வளையில எத்தனை வாசல் திறந்திருக்கு?"

"ஒண்ணு."

"வந்த காத்து வெளியே போக வேண்டாமா? உள்ளே விடுற மூச்செல்லாம் சுவத்துலதான் வேர்க்கும்!"

மருதன் மண்ணைப் போட்டுவிட்டுத் திரும்பி ஓடியது. சேற்றில் வழுக்கி விழுந்தது. எழுந்து மறுபடியும் ஓடியது.

சிவந்தி பின்வாசலருகே கிடந்தது. அடைப்பில் பாதியைத் தோண்டியிருந்தது. நகமெல்லாம் களிமண். மூச்சு இல்லை.

"சிவந்தி! சிவந்தி!"

பின்னால் குஞ்சு ஒன்று தும்மியது. மருதன் அழக்கூட நிற்கவில்லை. மிச்ச அடைப்பைப் பல்லால் பெயர்த்துத் தள்ளியது. குளிர்ந்த காற்று உள்ளே நுழைந்து முன்வாசல் வழியே போனது. குஞ்சுகளை ஒவ்வொன்றாகக் கவ்விவந்து அந்தக் காற்றில் கிடத்தியது.

ஓதத்தின் காரணத்தைத் தேடாமல் கறையை மட்டும் மூடுகிறவன், தன் வீட்டாரின் மூச்சையே மூடுகிறான்.

குஞ்சுகள் மூன்றும் பிழைத்தன.