வெளியேற மறுத்த இரும்பு

அருப்புக்கோட்டையில் இளவேணி என்று ஒரு பெண் இருந்தாள். கல்யாண ஆல்பம் தயாரிக்கிற ஒரு ஸ்டுடியோவில் வேலை பார்த்தாள். அவளுடைய உடம்புக்கு எல்லா வேலையும் தெரியும், ஒன்றைத் தவிர. நல்ல ரத்தம் செய்ய அதற்குத் தெரியாது. தலசீமியா என்று டாக்டர்கள் அதற்குப் பெயர் சொன்னார்கள். கைக்குழந்தையாக இருந்த நாளிலிருந்து மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரியில் படுத்து, யாரோ கொடுத்த ரத்தத்தை ஏற்றிக்கொண்டுதான் அவள் வளர்ந்தாள், படித்தாள், வேலைக்கும் போனாள்.

அந்த ரத்தத்தோடு இரும்பும் வந்தது.

ரத்தம் நல்ல உழைப்பாளி. உள்ளே வந்த நிமிடத்திலிருந்து மூச்சுக்காற்றைச் சுமந்துகொண்டு ஓடும். ஓடி ஓடித் தேய்ந்து செத்துப்போகும். சாகும்போது இரும்பைப் பார்த்து, "என் வேலை முடிந்தது. நீயும் கிளம்பு" என்று சொல்லும்.

"எங்கே கிளம்புவது?" என்று கேட்கும் இரும்பு. "இந்த வீட்டில் நான் உள்ளே வர வாசல் இருக்கிறது. வெளியே போக வாசல் இல்லை. நானா கட்டினேன்?"

அது சொன்னது உண்மைதான். மிஞ்சிப்போன இரும்பை வெளியே தள்ள மனித உடம்புக்கு வழி தெரியாது. அந்த ஒரு உண்மையைக் கையில் வைத்துக்கொண்டு இரும்பு குடியேறிவிட்டது. முதலில் கல்லீரலில்.

கல்லீரல் யாரையும் வேண்டாம் என்று சொல்லத் தெரியாத அப்பாவி. "அந்த மூலையில் ஒதுங்கி உட்கார்" என்று இடம் கொடுத்தது. அடுத்த மாதம் இரும்பின் சொந்தக்காரர்கள் வந்தார்கள். அதற்கடுத்த மாதம் அவர்களுடைய சொந்தக்காரர்கள். ஒதுங்கி உட்கார மூலை மீதமில்லாமல் போயிற்று.

இதற்கென்றே ஒரு மாத்திரை இருந்தது. தினமும் காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற மாத்திரை. டம்ளரில் சுண்ணாம்பைக் கலக்கியதுபோல இருக்கும். குடித்தால் நாக்கில் மண் ஒட்டும். உள்ளே இறங்கியதும் அது கண்ணில் பட்ட இரும்பைக் கையைப் பிடித்து இழுத்துப்போய் மலத்தோடு வெளியே தள்ளும்.

இரும்புக்கு இதைவிட அவமானம் இல்லை. "நான் வந்தது எப்படி என்று தெரியுமா? குளிர்பெட்டியில் வைத்துப் பாதுகாத்து, பெயர் எழுதி ஒட்டி, நர்ஸ் கையில் ஏந்திக் கொண்டுவந்தார்கள். நான் கக்கூஸ் வழியாகப் போக வேண்டுமா?"

"வேறு வழி தெரிந்திருந்தால் நீயே போயிருப்பாய். நட" என்றது மாத்திரை.

மாத்திரைக்கு இனிமையாகப் பேசத் தெரியாது. இளவேணியின் வயிற்றை அது அடிக்கடி புரட்டியது. ரத்தம் ஏறிய மறுநாள் அவள் முகம் மலர்ந்திருக்கும், பார்க்கிறவர்கள் எல்லாரும் சொல்வார்கள். மாத்திரை குடித்ததற்கு அப்படிச் சொல்ல ஒன்றும் இருக்காது. அது வெளியே அனுப்பிய இரும்பை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. கண்ணுக்குத் தெரியாத நன்மைக்கு யார் நன்றி சொல்வார்கள்?

இப்படி இருக்கும்போது சிந்தாமணி அத்தை வந்து சேர்ந்தாள். இளவேணியின் அப்பாவுக்கு அக்கா. கோவில்பட்டியிலிருந்து ஒரு வாரம் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்தவள், தான் இல்லாமல் இந்த வீடு உருப்படாது என்று முடிவு செய்து தங்கிவிட்டாள். அத்தைக்குத் தெரியாத வியாதி கிடையாது. போனில் வருகிற வீடியோ எதையும் அவள் கடைசிவரை பார்த்ததில்லை. பாதியிலேயே அவளுக்கு எல்லாம் விளங்கிவிடும்.

ஒரு காலையில் இளவேணி முகத்தைச் சுளித்துக்கொண்டு டம்ளரைக் கையில் எடுப்பதைப் பார்த்துவிட்டு, "அது என்ன மருந்து?" என்று கேட்டாள்.

"உடம்புல இருக்கிற இரும்பை எடுக்கிற மாத்திரை அத்தை."

அத்தை வாய்விட்டுச் சிரித்தாள். "ரத்தம் இல்லாத புள்ளைக்கு இரும்புச்சத்து குடுப்பாங்களா, இருக்கிற இரும்பை எடுப்பாங்களா? எந்த மடையன் எழுதிக் குடுத்தான் இதை?" பிறகு இளவேணியின் அம்மா மங்களேஸ்வரியைப் பார்த்துத் திரும்பினாள். "நீயும் பாத்துக்கிட்டு இருக்கியே! சின்னப் புள்ளைக்குத் தெரியும், இரும்பு குறைஞ்சா ரத்தம் குறையும்னு."

"டாக்டர் சொன்னாங்க மதினி..." என்று இழுத்தாள் மங்களேஸ்வரி.

"டாக்டருக்கு என்ன, சொல்லுவாங்க. நாளைக்கு இவளைக் கட்டிக்குடுக்க வேண்டியது நாமதானே?"

அத்தை சொன்னது இளவேணிக்கு நியாயமாகப் பட்டது என்று சொல்ல முடியாது. வசதியாகப் பட்டது. அவள் டம்ளரைத் தொட்டியில் கவிழ்த்தாள். அன்றைக்கு அவள் வயிறு புரளவில்லை. அத்தை சொன்னது சரி என்பதற்கு அதுவே அத்தாட்சியாகிவிட்டது.

மறுநாளிலிருந்து பேரீச்சம்பழம் வந்தது. முருங்கைக்கீரை சூப் வந்தது. இரும்புச்சத்து லேகியம் என்று ஒரு டப்பா வந்தது. உள்ளே இரும்பு கூட்டம் போட்டுக் கொண்டாடியது.

"பார்த்தாயா?" என்றது கல்லீரலிடம். "நம்மை வெளியே தள்ள ஆள் வைத்த வீட்டில், இப்போது நம் ஆட்களுக்கு விருந்து வைத்து அழைக்கிறார்கள். இனிமேல் நான் விருந்தாளி இல்லை. வீட்டுக்காரன்."

"எனக்கு மூச்சுமுட்டுகிறது. கொஞ்சம் நகர்ந்துகொள்" என்றது கல்லீரல்.

"நகர்கிறேன். மாடியைப் பார்த்துவிட்டு வருகிறேன்."

மாடியில் இதயம் இருந்தது. இதயத்துக்குக் கர்வம் அதிகம். உடம்பில் மற்ற எல்லாரும் வேலைக்காரர்கள், தான் மட்டும் எஜமான் என்று அதற்கு நினைப்பு. சினிமாப் பாட்டு எல்லாம் தன்னைப் பற்றித்தான் என்பது அதற்குத் தெரியும்.

"யார் நீ? அழுக்குக் காலோடு எங்கே வருகிறாய்?" என்று அதட்டியது.

இரும்பு பணிவாகக் கும்பிட்டது. "இரும்பு இதயம் என்று ஊரில் புகழ்வார்களே, நீங்கள் கேள்விப்பட்டதில்லையா? நான் இல்லாமல் அந்தப் பட்டம் எப்படி வரும்?"

இதயம் ஒரு நிமிடம் யோசித்தது. பிறகு கதவைத் திறந்துவிட்டது. புகழ்ச்சிக்குத் திறக்காத இதயம் எங்கே இருக்கிறது?

ஆஸ்பத்திரியில் டாக்டர் பெனிட்டா ஒவ்வொரு மாதமும் கேட்டார்: "மாத்திரை ஒழுங்கா போடுறியா?"

"போடுறேன் டாக்டர்."

பரிசோதனையில் இரும்பு ஏறிக்கொண்டே போயிற்று. டாக்டர் குழம்பிப்போய் மாத்திரையின் அளவைக் கூட்டினார். குடிக்காத மாத்திரையின் அளவு இரண்டு முறை கூடியது. பெட்டிகள் பீரோவில் சேலைகளுக்குப் பின்னால் அடுக்கப்பட்டன.

புதிதாக வந்த பெட்டி பழைய பெட்டியிடம் கேட்டது: "இங்கே என்ன வேலை நமக்கு?"

"பாச்சை உருண்டைக்குத் துணை" என்றது பழைய பெட்டி.

இளவேணியின் முகம் கறுத்துக்கொண்டே வந்தது. வெயிலில் அலையாத முகம். தோலுக்கு அடியிலும் இரும்பு பாய் விரித்துவிட்டது என்று அத்தைக்கு எப்படித் தெரியும்? "கலர் குறைஞ்சிட்டே வருதே" என்று சொல்லி ஒரு சிவப்பழகு கிரீம் வாங்கிக்கொடுத்தாள். உள்ளே இரும்பு அதைக் கேட்டுச் சிரித்த சிரிப்பில் கணையத்துக்குத் தூக்கம் கலைந்தது.

ஒருநாள் மாலை இளவேணி ஒரு ஆல்பத்தைக் கொடுப்பதற்காகக் கல்யாணப் பெண்ணின் வீட்டுக்குப் போனாள். இரண்டாவது மாடி. முதல் மாடி திரும்பும் இடத்தில் அவளுக்கு நெஞ்சு தாறுமாறாக அடித்தது. கனமான ஆல்பம் கையிலிருந்து நழுவிப் படிகளில் உருண்டது. அதன் பின்னாலேயே அவளும் சரிந்தாள்.

இரும்பு இதயம் தப்புத் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. "பட்டம் வரும் என்று சொன்னாயே!" என்று அலறியது.

"சொன்னேன். நம்பியது நீ" என்றது இரும்பு.

அன்றைக்கு அவள் பிழைத்தது அந்த வீட்டுக்காரர்கள் உடனே ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு வந்ததால்தான். ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர் பெனிட்டாவின் முகம் சிறுத்துவிட்டது. கட்டிலருகில் நின்ற மங்களேஸ்வரியையும் அத்தையையும் பார்த்து, "இதயத்துல இரும்பு படிஞ்சிருக்கு. மாத்திரை போட்டிருந்தா இந்த அளவுக்கு வரவே வராது. என்ன நடந்துச்சு?" என்று கேட்டார்.

அத்தை முன்னால் வந்தாள். "ரத்தம் கம்மியான புள்ளைக்கு இரும்புச்சத்து குடுத்தது ஒரு தப்பாங்க?"

"அம்மா, கம்மியா இருக்கிறது ரத்தம். இரும்பு இல்ல. வெள்ளத்துல மூழ்கிக்கிட்டு இருக்கிற வீட்டுக்கு நீங்க தண்ணி லாரி அனுப்பியிருக்கீங்க."

"நான் நல்லதுக்குத்தானே..."

"மதினி, கொஞ்சம் பேசாம இருங்க" என்றாள் மங்களேஸ்வரி. இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து அவள் நாத்தனாரிடம் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. முன்னால் வந்த அத்தை இரண்டடி பின்னால் போனாள்.

இளவேணி மூக்கில் குழாயோடு மெதுவாகச் சொன்னாள்: "அத்தை சொல்லித்தான் நிறுத்தினேன்னு இல்ல டாக்டர். எனக்கு அதைக் குடிக்கப் பிடிக்கல. அத்தை பேச்சு சாக்காப் போச்சு. உங்ககிட்ட பொய் சொன்னதும் நான்தான்."

டாக்டர் நாற்காலியை இழுத்துப்போட்டு அவளருகில் உட்கார்ந்தார். "வயித்தைப் புரட்டுதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. அளவை மாத்தலாம், கரைக்காம முழுங்குற மாத்திரை இருக்கு, அதைக் குடுக்கலாம். உன் திட்டுக்குப் பயந்தவளா நான்? என்னைத் திட்டு. ஆனா மாத்திரையைப் போட்டுட்டுத் திட்டு."

முதலில் ஊசி வழியாக மருந்து ஏறியது. பிறகு மாத்திரை திரும்பி வந்தது, இந்த முறை விழுங்குகிற வடிவத்தில். வயிறு அப்போதும் சில நாள் முனகியது. இளவேணி டாக்டருக்குப் போன் செய்து முறையிட்டாள், ஆனால் நிறுத்தவில்லை. சிறுநீரகத்துக்கு அது ஒத்துக்கொள்கிறதா என்று மாதாமாதம் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கையை நீட்டினாள்.

இரும்பு இறங்குவதற்கு ரொம்ப காலம் பிடித்தது. ஏறும்போது விருந்துச் சாப்பாட்டோடு ஏறியது. இறங்கும்போது ஒவ்வொன்றாக, திட்டிக்கொண்டே இறங்கியது. கல்லீரலுக்குக் கால் நீட்ட இடம் கிடைத்தது. இதயத்துக்குத் தாளம் கூடிவந்தது, ஆனால் பழைய மிடுக்கு வரவில்லை. அதைக் கட்டுக்குள் வைக்கத் தனியாக இன்னொரு மாத்திரை தேவைப்பட்டது. அது எஜமான் என்று சொல்லிக்கொள்வதை விட்டுவிட்டது.

அத்தை கோவில்பட்டிக்குத் திரும்பிப் போனாள். பேரீச்சம்பழமும் முருங்கைக்கீரையும் கொடுத்துத் தேற்றிவைத்ததால்தான் புள்ளை பிழைத்தாள் என்று அங்கே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நாலைந்து பேர் குறிப்பும் எழுதி வாங்கிப்போயிருக்கிறார்கள்.

இதயத்தின் இடுக்கில் கடைசியாக ஒட்டிக்கொண்டிருந்த இரும்பின் கையை ஒரு காலையில் மாத்திரை பிடித்தது. இரும்பு திமிறியது. போகிற வழியெல்லாம் ஏளனம் பேசிக்கொண்டு வந்தது.

"இன்றைக்கு ஜெயித்துவிட்டதாகத் துள்ளாதே. அடுத்த மாதம் இவளுக்கு ரத்தம் வேண்டும். ரத்தம் வந்தால் நான் வருவேன். அதற்கடுத்த மாதமும் வருவேன். இவள் மூச்சு இருக்கிற வரைக்கும் என்னைத் தடுக்க யாராலும் முடியாது. என்ன செய்வாய்?"

மாத்திரை அதை வாசல்வரை கொண்டுவந்து விட்டது.

"வா. நீ மாதம் ஒருமுறை வருவாய்" என்றது. "நான் தினமும் வருவேன்."