வடையோடு நின்ற தூதர்

"வராதவனுக்காக நான் காத்துக் கிடக்கறதே இல்லீங்க அம்மிணி. ரெண்டே விநாடி. அதுக்கு மேல என் பாட்டுக்குப் போயிட்டே இருக்கேன். அப்புறமும் ஏனுங்க என் ப்ரோகிராம் மூணாம் நாள் மூச்சு முட்டிச் சாகுது?"

கேட்டவர் நாச்சிமுத்து. வயது ஐம்பத்து மூன்று.

அம்மிணி என்று அவர் அழைத்தது ஹமீதாவை. அவளுக்கு வயது இருபத்தொன்பது. பொள்ளாச்சியில் அந்தக் கம்ப்யூட்டர் கம்பெனியில் அவருக்குக் குரு அவள்தான். தெரிந்தவர் குரு, தெரியாதவர் சீடர். பிறந்த தேதியை இங்கே யார் கேட்டார்கள்?

விஷயம் இதுதான். பால் சங்கத்துக்கு நாற்பது ஊர்களில் பாலைக் குளிர வைக்கும் தொட்டிகள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் ஒவ்வொரு தொட்டியிடமும் போய், எவ்வளவு குளிர்ச்சி என்று கேட்டு வர வேண்டும். நாச்சிமுத்து எழுதிய ப்ரோகிராம் ஒரே நேரத்தில் நாற்பது குட்டி ப்ராசஸ்களை அனுப்பும். தூதர் என்று அவற்றுக்குப் பெயர் வைத்திருந்தார் மனுஷன்.

முப்பத்தேழு தூதர்கள் சொன்ன நேரத்துக்கு வந்துவிடுவார்கள். கரட்டுப்பட்டிக்காரரும் அவருடைய மலைப்பக்கத்துக் கூட்டாளிகள் இரண்டு பேரும் மட்டும் எப்போதும் லேட். மலை மறைப்பதால் அங்கே சிக்னல் தவழ்ந்துதான் வரும்.

ஏழு நாள் நிற்காமல் ஓடினால் சங்கத்தார் ஏற்றுக்கொள்வார்கள். இரண்டு தரம் ஓட்டிப் பார்த்தாயிற்று. இரண்டு தரமும் மூன்றாம் நாளே மெமரி நிறைந்து படுத்துவிட்டது. நாளைக் காலை கடைசி ஓட்டம்.

அதுவும் படுத்தால் நாச்சிமுத்து பிரிண்டர் அறைக்குத் திரும்ப வேண்டியதுதான். இருபத்தேழு வருஷம் அங்கே காகிதம் மாட்டியவர். கெஞ்சிக் கூத்தாடி வெளியே வந்தவர். அந்த அறைச் சாவியை மேனேஜர் மேஜை மேலேயே வைத்திருந்தார்.

ஹமீதா பேனாவை மூடினாள்.

"தூதருக்கு என்ன சட்டம் போட்டிருக்கீங்ணா?"

"பதிலைக் கைக்குக் கைதான் குடுக்கோணும். எங்கயும் வெச்சுட்டுப் போகக்கூடாது. குடுத்தாத்தான் வேலை முடிஞ்சுது, வீட்டுக்குப் போலாம்." சொல்லும்போதே நாச்சிமுத்துவுக்கு ஒரு பெருமை.

"நல்ல சட்டம். பசிக்குதுங்ணா."

"என்னங்க?"

"கேன்டீன்ல ஒரு வடை வாங்கிட்டு வாங்க. பத்து நிமிஷம் காத்திருப்பேன். உங்க சட்டப்படி என் கையிலதான் குடுக்கோணும். எங்கயும் வைக்கக்கூடாது. குடுக்காம எங்கயும் போகவும் கூடாது."

நாளைக்குக் கழுத்துக்குக் கத்தி. இந்தப் பெண்ணுக்கு வடை கேட்கிறது!

போனார்.

வடை அப்போதுதான் எண்ணெயில் விழுந்தது. பொன்னிறமாகும் வரை நின்று, காகிதத் தட்டில் வடையை வாங்கி, இன்னொரு கையில் சட்னிக் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு திரும்பினார். பதின்மூன்று நிமிடம் ஆகியிருந்தது.

ஹமீதாவின் அறை பூட்டியிருந்தது.

"அம்மிணி?"

முழங்கையால் தட்டியும் பார்த்தார்.

நின்றார்.

சட்டைப் பையில் போன் அடித்தது. எடுக்கக் கை இல்லை. மூக்கு அரித்தது. அதற்கும் கை இல்லை.

வாட்ச்மேன் ஜெபராஜ் அந்தப் பக்கம் வந்தார். வடையைப் பார்த்தார், பூட்டைப் பார்த்தார்.

"என்னங்ணா, கதவுக்குப் படையலா?"

"போய்யா, வேலையப் பாத்துட்டு."

வடை ஆறியது. எண்ணெய் காகிதத்தில் ஊறி உள்ளங்கைக்கு வந்தது. முழங்கால் கடுத்தது. கோபம் வந்தது, போனது, திரும்ப வந்தது. ஆனாலும் சட்டம் சட்டம்தானே, அதுவும் தானே போட்ட சட்டம். நகரவில்லை.

முக்கால் மணி நேரம் கழித்து ஹமீதா வந்தாள். கையில் கழுவிய டிபன் பாக்ஸ்.

"அய்யய்யோ, இன்னும் நிக்கிறீங்களாண்ணா?"

"கையிலதான் குடுக்கோணும்னீங்க!"

"பத்து நிமிஷம்தான்னும் சொன்னேனே. நீங்க வரலை. மாடிக்குப் போய்ச் சாப்பிட்டு வந்துட்டேன்."

"நீங்க போயிட்டீங்கன்னு எனக்கு யாருங்க சொன்னா? குடுக்காம நகரவும் கூடாதுன்னா, நான் சாகற வரைக்கும் இங்கயே..."

வாய் அப்படியே நின்றது.

சட்னி கொஞ்சம் சட்டையில் சிந்தியது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

"அம்மிணி."

"சொல்லுங்ணா."

"கரட்டுப்பட்டிக்காரன்."

ஹமீதா கை நீட்டி வடையை வாங்கிக்கொண்டாள். நாச்சிமுத்து ஓடினார். ஐம்பத்து மூன்று வயசு ஆள் அந்த வராந்தாவில் ஓடி யாரும் பார்த்ததில்லை.

ப்ரோகிராம் நேற்றிலிருந்து சோதனைக்காக ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே எத்தனை தூதர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்று எண்ணச் சொன்னார்.

எண்ணூற்று அறுபத்து நான்கு பேர்.

பதிலை வாங்க வேண்டிய ப்ரோகிராம் இரண்டு விநாடி பார்த்துவிட்டுத் தன் பாட்டுக்குப் போய்விட்டது. அது தெரியாமல், எண்ணூற்று அறுபத்து நான்கு பேரும் பதிலைக் கையில் ஏந்திக்கொண்டு பூட்டிய கதவு முன்னால் நின்றார்கள். ஐந்து நிமிடத்துக்கு மூன்று பேர் கூடிக்கொண்டே இருந்தார்கள். இடம் முழுக்க அவர்கள்தான்.

"அடப் பாவிகளா!" என்றார். பிறகு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். ஜெபராஜ் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

திரும்பி வந்தபோது ஹமீதா ஆறிய வடையை மென்றுகொண்டிருந்தாள்.

"அம்மிணி, கதவுக்குப் பக்கத்துல ஒரு ஸ்டூல் போட்டா?"

"எத்தனை ஸ்டூல்?"

யோசித்தார். "ஆளுக்கு ஒண்ணு. அதுல ஒரே ஒரு வடை வைக்க இடம் போதும். வெச்சுட்டு அவன் வீட்டுக்குப் போலாம்."

"வெச்சதை யாரும் எடுக்கலைன்னா?"

"ஆறிப்போகும்."

"அப்புறம்?"

"கூட்டறவங்க ஸ்டூலோட எடுத்துப் போட்டுருவாங்க."

ஹமீதா விரலை நக்கிக்கொண்டாள்.

அன்று சாயங்காலமே சட்டம் மாறியது: தூதர் ஒவ்வொருவருக்கும் மெமரியில் ஒரு சின்ன இடம், பதிலை அங்கே வைத்துவிட்டுப் போகலாம்; யாரும் எடுக்காததைக் கம்ப்யூட்டரே கூட்டித் தள்ளிவிடும். மறுநாள் காலை கடைசி ஓட்டம் தொடங்கியது.

மூன்றாம் நாள் நாச்சிமுத்துவுக்குச் சோறு இறங்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கரட்டுப்பட்டிக்காரர் வழக்கம்போல லேட்டாக வந்தார், பதிலை வைத்தார், போனார். உள்ளே நிற்பவர் யாரும் இல்லை.

நான்காம் நாள் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார்.

ஏழாம் நாள் சாயங்காலம் பால் சங்கத்துக்காரர்கள் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டார்கள். மேனேஜர் பிரிண்டர் அறைச் சாவியை எடுத்து, இவர் கண் எதிரிலேயே ஆணியில் மாட்டினார். நாச்சிமுத்துவுக்கு ஆகாயத்தில் நடப்பது மாதிரி இருந்தது. நேரே கேன்டீனுக்குப் போனார்.

ஒன்றரை மணி கழித்து ஹமீதா மீட்டிங் முடிந்து வந்தாள். அவள் அறை வாசலில் ஒரு ஸ்டூல். அதன் மேல் வாழை இலையில் இரண்டு வடை, ஒரு கிண்ணம் சட்னி. சுற்றுமுற்றும் பார்த்தாள். யாரையும் காணோம்.

போன் போட்டாள்.

"அண்ணா, எங்க நிக்கிறீங்க?"

அந்தப் பக்கம் குக்கர் விசில் கேட்டது. யாரோ சிரிக்கும் சத்தமும் கேட்டது.

"நான் எதுக்குங்க அம்மிணி நிக்கறேன்? வீட்டுக்கு வந்து அரை மணி ஆச்சே."