எதிர்ப்பக்கம் மடித்த இலை

மீசைக்கு நெய் தடவுவார், சோற்றுக்கு ஊற்றமாட்டார். அப்படி ஒரு ஜமீன்தாருக்கு அறுபதாம் கல்யாணம். ஊருக்கே விருந்து. ஊசிப்போன சோறு, தண்ணீராய் ஓடும் சாம்பார்.

“குறை சொல்ல எவனாவது வாயைத் திறந்தால் நாக்கை அறுத்துடுவேன்!” என்று பந்தியின் நடுவே நின்று உறுமினார்.

வண்டிக்கார மொக்கையன் பேசவே இல்லை. இலையைத் தன் பக்கமாக மடிக்காமல், எதிர்ப்பக்கமாக மடித்தான். அதைப் பார்த்துப் பந்தி மொத்தமும் அப்படியே மடித்தது.

ஜமீன்தார் குதித்தார். “சாவு வீட்டில் மடிக்கிற மாதிரி மடிக்கிறீங்களேடா! இங்கே எவன்டா செத்தான்?”

மொக்கையன் எச்சில் கையோடு எழுந்தான். “நாங்க ஒரு வார்த்தை பேசலீங்களே எசமான். நல்ல நாளும் அதுவுமா, சாவுன்னு வாய்விட்டுச் சொன்னது நீங்கதானே?”

மாலையும் கழுத்துமாக நின்ற ஜமீன்தாரம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.